சாவி ஏன் பேசவில்லை?

குட்டீஸ்... ஒரு விடுகதை சொல்லட்டுமா?

வாய் இல்லை, ஆனால் கூப்பிடுவான். கை இல்லை, ஆனால் கதவைத் திறப்பான். பகலெல்லாம் அப்பாவின் சட்டைப் பையில் தூங்குவான். அவன் யார்?

கண்டுபிடித்து விட்டீர்களா? கார் ரிமோட் சாவிதான்!

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் காஞ்சிபுரம் காந்தி ரோட்டைப் பார்க்க வேண்டுமே! வேலூர், சென்னை, திருப்பதி என்று எங்கெங்கிருந்தோ கல்யாண ஜவுளி எடுக்க வந்தவர்களின் கார்கள் வரிசையாக நிற்கும். பட்டுச் சேலைப் பைகளை இரண்டு கைகளிலும் சுமந்தபடி ஒரு குடும்பம் கடையிலிருந்து வெளியே வருகிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. அப்பா சாவியின் பொத்தானை அழுத்துகிறார். 'கீக்... கீக்...' என்ற சத்தம் வரவில்லை. காரின் விளக்கு கண் சிமிட்டவில்லை. மீண்டும் அழுத்துகிறார். பல்லைக் கடித்துக் கொண்டு இன்னும் பலமாக அழுத்துகிறார். ஊஹூம்!

இந்த நேரத்தில் பெரியவர்கள் பலரும் செய்வது இதுதான். ஆனால், பலமாக அழுத்துவதால் ஒரு பயனும் இல்லை. கொஞ்சம் யோசித்து, ஒன்றன் பின் ஒன்றாகச் சோதித்தால், பழுது எங்கே இருக்கிறது என்று சில நிமிடங்களில் கண்டுபிடித்து விடலாம். அந்தத் துப்பறியும் வேலையை நீங்களே செய்யலாம். அதற்கு முன், அந்தக் குட்டிச் சாவிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்து கொள்ள வேண்டும். வாருங்கள், உள்ளே எட்டிப் பார்ப்போம்!

சாவிக்குள் ஒரு வானொலி நிலையம்!

ரிமோட் சாவியைத் திறந்தால் உள்ளே நான்கு முக்கியமான பொருட்கள் இருக்கும். நாணயம் போன்ற ஒரு பேட்டரி, பச்சை நிற மின்சுற்று அட்டை, அதன் மேல் எறும்பு அளவுக்குச் சில 'சிப்'கள், பொத்தான்களுக்கு அடியில் குட்டிக் குட்டி சுவிட்சுகள். அவ்வளவுதான்.

பொத்தானை அழுத்தியதும் சுவிட்ச் மூடிக்கொள்ளும். பேட்டரியிலிருந்து மின்சாரம் பாயும். சிப் விழித்துக் கொண்டு, ரேடியோ அலையாக ஒரு செய்தியை அனுப்பும். ஆமாம்... உங்கள் சாவி ஒரு குட்டி வானொலி நிலையம்!

நாம் கேட்கும் எப்.எம். வானொலி 88 முதல் 108 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் ஒலிபரப்பாகிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலான கார் சாவிகள் பேசுவது சுமார் 433 மெகா ஹெர்ட்ஸில். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315 மெகா ஹெர்ட்ஸ் அதிகம். அதனால்தான் கார் சாவியின் பேச்சு உங்கள் வீட்டு ரேடியோவில் கேட்பதில்லை.

டி.வி. ரிமோட்டும் இதே மாதிரிதானே என்று கேட்கிறீர்களா? இல்லை! டி.வி. ரிமோட் பேசுவது அகச்சிவப்புக் கதிரில். அது நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. ஒளி என்பதால் நடுவில் ஒரு தலையணையை வைத்தால்கூட நின்றுவிடும். ரேடியோ அலையோ சட்டைப் பை, கதவு, சுவர் எல்லாவற்றையும் ஓரளவுக்குத் தாண்டிப் போகும். உலோகத்தைக் கண்டால்தான் அதற்குத் தடுமாற்றம்.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். செல்போன் கேமராவை ஆன் செய்து, டி.வி. ரிமோட்டின் நுனியை அதற்கு நேராகப் பிடித்து பொத்தானை அழுத்துங்கள. பல செல்போன்களில் ஊதா நிறத்தில் ஒரு ஒளி மின்னும். கார் சாவியை அப்படிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. 'ஐயையோ, சாவி கெட்டுப் போச்சு' என்று பயந்து விடாதீர்கள். அது ஒளியை அனுப்பவே இல்லையே, எப்படித் தெரியும்?

முதல் முதலில் ரிமோட் சாவியோடு விற்பனைக்கு வந்த கார், பிரான்ஸ் நாட்டின் ரெனோ நிறுவனம் தயாரித்த 'பியூகோ' என்பார்கள். ஆண்டு 1982. அந்தச் சாவி டி.வி. ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிரில்தான் வேலை செய்தது. அதை உருவாக்கியவர் பெயர் பால் லிப்ஷுட்ஸ். அவர் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து, பிரெஞ்சுக்காரர்கள் கார் ரிமோட்டை 'பிளிப்' என்றே செல்லமாக அழைத்தார்கள்.

இன்னொரு ஆச்சரியம்... அதே ரெனோ நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய கார்கள் காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்திலும் தயாராகின்றன. அங்கே ரெனோ - நிஸ்ஸான் கூட்டுத் தொழிற்சாலை 2010-ல் திறக்கப்பட்டது. அதற்கும் முன்பே, 1998-ல் இதே மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் 'சான்ட்ரோ' கார் ஓடத் தொடங்கிவிட்டது. பட்டுக்கும் கோவிலுக்கும் பேர் போன மாவட்டம், காருக்கும் பேர் வாங்கிவிட்டது!

தறி சொல்லும் ரகசியம்

சாவி அனுப்பும் செய்தி எப்படி இருக்கும்? 'காரே, கதவைத் திற' என்று தமிழிலா இருக்கும்? இல்லை. வெறும் 0, 1 என்ற இரண்டே எண்கள்தான். இரண்டு எண்களை வைத்து எப்படிப் பேச முடியும்?

இதைப் புரிந்து கொள்ள காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்குப் போக வேண்டும். நெசவாளர்கள் வாழும் தெருக்கள் அவை. வீட்டுக்குள் 'டக்... டக்...' என்று தறிச் சத்தம் கேட்கும். நிமிர்ந்து பாருங்கள். தறியின் உச்சியில் ஒரு பெட்டி இருக்கும். அதில் துளை போட்ட அட்டைகள் மாலை மாலையாகத் தொங்கும். அதுதான் ஜக்கார்டு பெட்டி.

அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழையும். அதற்குரிய பாவு நூல் மேலே எழும்பும். துளை இல்லாத இடத்தில் நூல் கீழேயே இருக்கும். இடையில் நாடா பாயும்போது சேலையில் மயிலும் மாங்காயும் யாளியும் உருவாகின்றன. துளை உண்டு, துளை இல்லை. இந்த இரண்டே இரண்டு 'எழுத்து'களில்தான் அத்தனை அழகும் எழுதப்பட்டிருக்கிறது! துளையை 1 என்றும், துளை இல்லாத இடத்தை 0 என்றும் வைத்துக் கொள்ளுங்கள். இப்போது புரிகிறதா, சாவி எப்படிப் பேசுகிறது என்று?

இந்தக் கருவியை 1804-ல் உருவாக்கியவர் ஜோசப் மேரி ஜக்கார்டு. பிரான்ஸின் லியோன் நகரைச் சேர்ந்தவர். காஞ்சியைப் போலவே லியோனும் பட்டு நெசவுக்குப் புகழ்பெற்ற ஊர். பிற்காலத்தில் கம்ப்யூட்டருக்குத் துளை அட்டைகளில் கட்டளை கொடுத்தார்களே, அந்த யோசனைக்கும் முன்னோடி இதுதான். ஆக, தறியும் கார் சாவியும் தூரத்துச் சொந்தக்காரர்கள்!

செல்லாத டோக்கன்

'சரி, பக்கத்தில் நிற்கும் திருடன் ஒரு கருவியை வைத்து அந்த 0, 1 செய்தியைப் பதிவு செய்து, நாம் போனதும் அதையே திரும்ப ஒலிபரப்பினால் கார் திறந்து விடாதா?'

அருமையான கேள்வி! ஆரம்ப காலச் சாவிகளில் அந்த ஆபத்து இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லைச் சொன்னதால், ஒட்டுக் கேட்டவனும் உள்ளே வந்து விடலாம்.

அதற்குக் கண்டுபிடித்த மருந்துதான் 'மாறும் குறியீடு'. கோவிலில் பிரசாத டோக்கன் வாங்கியிருப்பீர்கள். 41-ம் எண் டோக்கனைக் கொடுத்து பொங்கல் வாங்கியாகி விட்டது. மறுபடி 41-ஐ நீட்டினால் கொடுப்பார்களா? 'தம்பி, இது முடிஞ்சு போச்சு' என்று சிரிப்பார்கள். கார் சாவியும் அப்படித்தான். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அதற்குள் இருக்கும் எண் ஒன்று கூடும். கார் கடைசியாக வந்த எண்ணை நினைவில் வைத்திருக்கும். பழைய எண்ணோடு யார் வந்தாலும் கதவு திறக்காது.

'41-க்கு அடுத்து 42 என்று திருடனுக்குத் தெரியாதா?' தெரியும்! அதனால்தான் எண்ணை அப்படியே அனுப்பாமல், சாவிக்கும் காருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியக் கணக்கைப் போட்டுக் கலைத்து அனுப்புகிறார்கள். 41-ம் 42-ம் கலைத்த பிறகு ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும். இப்படிப்பட்ட ஒரு முறை 1980-களின் நடுவில் தென்னாப்பிரிக்காவில் உருவானது. 'கீலாக்' என்று பெயர். 1995-ல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. பிறகு இதைவிடக் கெட்டியான ரகசியக் கணக்குகளும் வந்துவிட்டன.

கீலாக் சிப் ஒன்று, ஒரு அழுத்தலுக்கு 66 பூஜ்ய - ஒன்றுகளை அனுப்பும். அதில் 28 இடங்கள் அந்தச் சாவியின் அடையாள எண். 28 இடங்களில் 0, 1 என மாற்றி மாற்றி எழுதினால் எத்தனை விதம் கிடைக்கும் தெரியுமா? 26 கோடியே 84 லட்சத்து 35 ஆயிரத்து 456! 2019-ல் அத்தி வரதர் தரிசனம் 48 நாட்கள் நடந்ததே... அப்போது காஞ்சிக்கு ஆயிரம் ஆயிரமாகக் கார்கள் வந்தன. ஒருவர் பொத்தானை அழுத்தியதும் எல்லாக் கார்களும் திறந்து கொண்டால் எப்படி இருந்திருக்கும்! அப்படி நடக்காமல் காப்பது இந்த அடையாள எண்தான்.

துப்பறியலாம் வாங்க!

இப்போது நீங்கள் தயார். சாவி வேலை செய்யவில்லை. சுலபமான சோதனையிலிருந்து கஷ்டமான சோதனைக்குப் போக வேண்டும். இதுதான் நல்ல மெக்கானிக்கின் இலக்கணம்.

துப்பு 1: இது நம்ம கார்தானா?

சிரிக்காதீர்கள்! வெள்ளைக் கார்கள் பத்து நிற்கும் இடத்தில், பக்கத்துக் காரின் அருகே நின்று அழுத்திக் கொண்டிருப்பவர்கள் உண்டு. முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்.

துப்பு 2: பக்கத்தில் போய் அழுத்துங்கள்

பத்தடி தூரத்தில் கேட்காத கார், கதவருகில் போனதும் கேட்கிறதா? அப்படியானால் சாவி சாகவில்லை, சோர்ந்து போயிருக்கிறது. பெரும்பாலும் பேட்டரி தீர்ந்து வருகிறது என்று அர்த்தம். 'போன மாதம் தெருமுனையிலிருந்தே திறந்தது, இப்போது கிட்டே வந்தால்தான் திறக்கிறது' என்று அப்பா சொன்னால், சந்தேகமே வேண்டாம். பேட்டரி மெல்ல மெல்லத்தான் தீரும். நேற்று வரை நன்றாக இருந்து, இன்று கீழே விழுந்ததும் நின்று போனால், அது வேறு கதை.

துப்பு 3: இடத்தை மாற்றிப் பாருங்கள்

சக்தி வாய்ந்த ரேடியோ கருவி ஏதாவது அருகில் இருந்தால், அதன் இரைச்சலில் சாவியின் மெல்லிய குரல் காருக்குக் கேட்காது. திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று ரகசியம் பேசுவது போல! காரின் மறுபக்கம் போய் அழுத்துங்கள். சாவியோடு ஒட்டியிருக்கும் செல்போனையும் மற்ற சாவிக் கொத்தையும் விலக்கி வையுங்கள். வேறொரு நாள், வேறொரு இடத்தில் சாவி நன்றாக வேலை செய்தால், குற்றவாளி சாவி அல்ல, அந்த இடம்.

துப்பு 4: இரண்டாவது சாவி

இதுதான் மிக முக்கியமான சோதனை. கார் வாங்கும்போது இரண்டு சாவி கொடுப்பார்கள். வீட்டில் பீரோவுக்குள் தூங்கும் அந்த இரண்டாவது சாவியை எடுத்து வந்து அழுத்துங்கள். அது வேலை செய்தால் கார் நன்றாக இருக்கிறது. பழுது முதல் சாவியில். இரண்டுமே வேலை செய்யவில்லையா? இரண்டு சாவியும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். எனவே சந்தேகம் கார் மேல் திரும்புகிறது. பார்த்தீர்களா... ஒரே சோதனையில் பாதிப் பிரச்னை விலகிவிட்டது!

ஆனால் ஒரு எச்சரிக்கை. இரண்டாவது சாவியும் பல வருடம் சும்மா கிடந்திருந்தால் அதன் பேட்டரியும் தீர்ந்திருக்கலாம்.

துப்பு 5: கார் பேட்டரி

காரின் காதுக்கும் மின்சாரம் வேண்டுமே! அதைத் தருவது பானெட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. சாவியில் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, உள் விளக்கைப் போடச் சொல்லுங்கள். அகல் விளக்கு மாதிரி மங்கலாக எரிகிறதா? ஹாரன் 'ப்பீ...' என்று முனகுகிறதா? அப்படியானால் சாவி நிரபராதி! கார் பேட்டரிக்குத்தான் சார்ஜ் தேவை. பல நாள் ஓட்டாமல் நிறுத்தி வைத்த கார்களில் இப்படி ஆகும்.

துப்பு 6: எண்ணிக்கை தவறிவிட்டதா?

வீட்டில் குட்டித் தம்பி இருக்கிறானா? சோபாவில் உட்கார்ந்து கார் சாவியை 'டிக் டிக்' என்று ஐம்பது முறை அழுத்தி விளையாடியிருப்பான். கார் தெருவில் தொலைவில் நிற்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. இப்போது சாவியின் கணக்கு 91. காரின் கணக்கு 41! டோக்கன் கதை ஞாபகம் இருக்கிறதா? கொஞ்சம் எண் தாண்டியிருந்தால் கார் பொறுத்துக் கொள்ளும். சில வகை சிப்களில் 16 எண் வரை இந்தச் சலுகை உண்டு. அதற்கும் மேலே போனால், கார் உடனே திறக்காது. அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால், இரண்டு எண்களும் வரிசையாக வருகிறதா என்று பார்த்து, 'ஓ, நம்ம ஆள்தான்' என்று ஏற்றுக் கொள்ளும். அதற்கும் மசியாத கார்களுக்கு வேறு வழி உண்டு. அது காருக்குக் கார் மாறும். காரோடு கொடுத்த கையேட்டில் இருக்கும்.

பேட்டரியா, எண்ணிக்கையா என்று எப்படிப் பிரிப்பது? சில சாவிகளில் பொத்தானை அழுத்தினால் குட்டி சிவப்பு விளக்கு எரியும். விளக்கு பளிச்சென்று எரிந்தும் கார் கேட்கவில்லை என்றால் எண்ணிக்கை மேல் சந்தேகப்படலாம். விளக்கே எரியவில்லை என்றால் முதலில் பேட்டரி.

துப்பு 7: உடம்பு சரியில்லையா?

சாவி தண்ணீரில் விழுந்ததா? சட்டைப் பையோடு வாஷிங் மெஷினுக்குள் போனதா? பேட்டரியை உடனே கழற்றிவிட வேண்டும். ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் உள்ளே பச்சையாகக் களிம்பு பிடிக்கும். துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் உலர விடலாம். கொளுத்தும் வெயிலில் வைக்க வேண்டாம். கீழே விழுந்த சாவியில் பேட்டரியைப் பிடித்திருக்கும் தகடு விலகியிருக்கலாம். ஒரே ஒரு பொத்தான் மட்டும் வேலை செய்யாமல், மற்றவை நன்றாக இருந்தால்? பேட்டரி மேல் தப்பில்லை! அந்தப் பொத்தானின் சுவிட்ச் தேய்ந்துவிட்டது. இதைச் சாவி பழுது பார்ப்பவர்தான் சரி செய்ய வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் சாவி பேசவில்லை என்றால், சர்வீஸ் சென்டருக்குப் போவதுதான் வழி. அங்கே போனதும், 'சார், இரண்டாவது சாவி வேலை செய்யுது, பேட்டரி புதுசு, கீழே விழவில்லை' என்று சொல்லுங்கள். மெக்கானிக் அங்கிள் உங்களை ஆச்சரியமாகப் பார்ப்பார்!

பெயரிலேயே அளவு!

சாவி பேட்டரியின் முதுகில் சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும். அது வெறும் எண் அல்ல, அதன் ஜாதகம்! சி என்றால் லித்தியம் வகை, ஆர் என்றால் வட்டம். 20 என்றால் குறுக்களவு 20 மில்லி மீட்டர். 32 என்றால் தடிமன் 3.2 மில்லி மீட்டர். அப்படியானால் சி.ஆர். 2016 எவ்வளவு தடிமன்? சரி, 1.6 மில்லி மீட்டர்! மூன்றும் 3 வோல்ட் தரும் வகைதானே என்று 2032-க்குப் பதில் 2025-ஐயோ 2016-ஐயோ போட்டால், தகட்டில் சரியாகத் தொடாமல் ஆடும். எழுதியிருக்கும் எண்ணையே கேட்டு வாங்க வேண்டும்.

பேட்டரியை மாற்றுவது பெரியவர்கள் வேலை. நீங்கள் உதவியாளர். கவனிக்க வேண்டியவை இவைதான்:

* பழைய பேட்டரியின் + பக்கம் மேலே இருந்ததா, கீழே இருந்ததா என்று பார்த்துக் கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் சாவி பேசாது.

* எண்ணெய்க் கையால் புதுப் பேட்டரியைத் தொடாதீர்கள். ஓரத்தைப் பிடித்துப் போடுங்கள்.

* அறிவியல் ஆசிரியரிடம் மல்டிமீட்டர் இருந்தால் பழைய பேட்டரியை அளந்து பாருங்கள். புதுசு 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் ஓய்வு கொடுக்க வேண்டியதுதான்.

* பேட்டரியைக் கழற்றினால் சாவியின் எண்ணிக்கை அழிந்துவிடுமோ என்று பல பேர் பயப்படுவார்கள். பெரும்பாலான சாவிகளில் அழியாது. மின்சாரம் இல்லாவிட்டாலும் மறக்காத நினைவகத்தில் அது பதிந்திருக்கும்.

பேட்டரி போனாலும் கார் ஓடும்

பேட்டரி தீர்ந்த சாவியால் வீட்டுக்குப் போக முடியுமா? முடியும்! சாவியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தாழ் இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளிருந்து இரும்புச் சாவி எட்டிப் பார்க்கும். சாவித் துளையைக் காணோமே என்று தேடாதீர்கள். சில கார்களில் கைப்பிடியின் ஓரத்தில் ஒரு மூடிக்குள் ஒளிந்திருக்கும்.

கதவு திறந்தாயிற்று. எஞ்சின்? பல சாவிகளுக்குள் இன்னொரு சிப் இருக்கிறது. அதற்குப் பேட்டரியே வேண்டாம்! சாவி போடும் துளையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கும். கார் அதில் மின்சாரத்தைப் பாய்ச்சும்போது உருவாகும் காந்தப் புலமே அந்தச் சிப்புக்குச் சாப்பாடு. அது விழித்து, 'நான்தான்' என்று பதில் சொல்லும். பிறகே எஞ்சின் கிளம்பும். பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களில், சாவியையே ஸ்டார்ட் பொத்தானின் அருகில் ஒட்டிப் பிடித்து அழுத்தினால் போதும். சில மாடல்களில் இதற்கென்று தனி இடம் இருக்கும்.

உயிர் காக்கும் இரண்டு விஷயங்கள்

குட்டீஸ்... இதுவரை படித்தது சுவாரஸ்யத்துக்காக. இனி சொல்வதை மறக்கவே கூடாது.

ஒன்று: பொத்தான் பேட்டரி மிட்டாய் அல்ல! பளபளவென்று இருப்பதால் குட்டித் தம்பி, தங்கைகள் அதை வாயில் போட்டுக் கொள்வார்கள். உணவுக் குழாயில் சிக்கிக் கொண்டால், அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் பாய ஆரம்பிக்கும். அரிக்கும் காரம் உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் உள்ளே ஆழமாகப் புண்ணாகி விடும். சாவிக்கு உதவாத 'தீர்ந்த' பேட்டரியிலும் இந்த ஆபத்துக்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். மூக்கிலோ காதிலோ போட்டுக் கொண்டாலும் ஆபத்துதான். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட, அழுகிறானா, சிரிக்கிறானா என்று பார்த்துக் கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-க்கு போன் செய்யலாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. டாக்டர் சொல்லாமல் சாப்பிடவோ குடிக்கவோ எதையும் கொடுக்கக் கூடாது. 'திட்டுவார்களே' என்று பயந்து மறைக்கவே கூடாது. நீங்கள் உடனே சொல்வதுதான் அந்தக் குழந்தையைக் காப்பாற்றும்.

பழைய பேட்டரியின் இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத டப்பாவில் வைத்து, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

இரண்டு: பூட்டிய காருக்குள் விளையாடாதீர்கள்! வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் 10 நிமிடத்திலேயே வெப்பம் சுமார் 10 டிகிரி கூடிவிடும். சித்திரை வெயிலில் அது அடுப்பாகி விடும். சின்னக் குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும்.

ஒருவேளை உள்ளே மாட்டிக் கொண்டால்? பயப்படாமல் முன் சீட்டுக்குத் தாவுங்கள். பின் கதவுகளில் 'சைல்டு லாக்' போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்காது. முன் கதவுகளில் அது கிடையாது. பல கார்களில் முன் கதவின் உள் கைப்பிடியை ஒன்றிரண்டு முறை இழுத்தாலே, ரிமோட்டால் பூட்டியிருந்தாலும் திறந்துவிடும். திறக்கவில்லையா? ஹாரனை அழுத்துங்கள்! பெரும்பாலான கார்களில் சாவி இல்லாமலே ஹாரன் ஒலிக்கும். யாராவது வரும் வரை விடாமல் அழுத்துங்கள்.

வெளியே நிற்கும்போது, பூட்டிய காருக்குள் ஒரு குழந்தை தவிப்பதைப் பார்த்தால், சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். 112 அல்லது 108-க்கு போன் செய்யச் சொல்லுங்கள். சாவி வரும் வரை காத்திருக்க நேரம் இல்லை என்றால், குழந்தையிடமிருந்து தள்ளி இருக்கும் பக்கக் கண்ணாடியைப் பெரியவர்கள் உடைக்கலாம். கண்ணாடி போனால் வேறு வாங்கிக் கொள்ளலாம்!

இன்று மாலை உங்களுக்கு வேலை

வீட்டில் கார் இருந்தால், அப்பா அல்லது அம்மாவிடம் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கார் இல்லாவிட்டால் சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டு அங்கிளிடம் கேட்கலாம்.

1. இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது?

2. ரிமோட்டுக்குள் இருக்கும் இரும்புச் சாவியை எப்படி வெளியே எடுப்பது?

3. இந்தச் சாவிக்கு எந்த எண் பேட்டரி?

4. உள்ளே மாட்டிக் கொண்டால் முன் கதவு கைப்பிடியை இழுத்தால் திறக்கிறதா? இப்போதே செய்து காட்டுங்கள்!

நான்குக்கும் உடனே பதில் சொல்கிற பெரியவர் கிடைத்தால், அவருக்கு ஒரு 'சபாஷ்' போடுங்கள். பதில் தெரியாமல் விழித்தால், இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்து விடுங்கள்!